'ஏன்?' எண்டு கேட்கிற நண்பன்

உயர்தரப் பெறுபேறு வந்த இரவு. எனக்குக் கிடைத்த இசட் புள்ளியைப் பார்த்ததுமே பொறியியல் பீடம் கைவிட்டுப் போனது விளங்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். எல்லாரும் "பரவாயில்லை மச்சான்", "கவலைப்படாத" என்று அனுப்பிக்கொண்டிருக்க, அவன் மட்டும் கேட்டான்: "மாவட்ட நிலை எத்தினை? எந்தப் பாடத்தில குறைஞ்சது? ஏன்?"

நான் பதில் போடவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு எக்செல் கோப்பு வந்தது. எங்கட மாவட்டத்துக்கான முந்தைய மூன்று வருட வெட்டுப்புள்ளிகள், பாடநெறி வாரியாக. நான் இங்க அழுதுகொண்டு கிடக்கிறன், இவன் அட்டவணை போடுறான்! அண்டைக்கே அவனை புளொக் பண்ணினேன்.

மூன்று கிழமை கதைக்கவில்லை. பிறகு பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நாள் வந்தது. பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் போடவேண்டும். எதை முதல் போடுவது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று ஒண்டும் தெரியேல்லை. வேறு வழியில்லாமல் அந்தக் கோப்பைத் திறந்தேன்.

கடைசி நிரலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் நேரே ஒரு குறிப்பு இருந்தது. "இது உனக்குப் பிடிக்கும், புள்ளிவிபரம் நல்லா வரும்." "இது தூரம். அம்மாவைத் தனிய விட மாட்டாய்." "நில அளவை: நாள் முழுக்க வெயிலில நிக்கோணும், உனக்குத் தலையிடி வரும்."

அந்த இரவு என்னைப் பற்றி அவ்வளவு நேரம் யோசித்தது அவன் ஒருவன்தான். எனக்குத்தான் அது ஆறுதலாகத் தெரியவில்லை.

இப்படியானவர்களுக்கு இப்ப ஐ.என்.டி.பி., ஐ.என்.டி.ஜே. என்று நாலெழுத்துப் பட்டம் குடுக்கிறார்கள். கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலை அடியாக வைத்து, அமெரிக்காவில் கத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கிய வகைப்பாடு அது. இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். அதே ஆள் சில கிழமை கழித்துத் திரும்பச் செய்தால் வேறு எழுத்து வரலாம் என்பது உளவியலாளர்களின் பழைய முறைப்பாடு. அதனால் அந்த 16 பெட்டிகளையும் நான் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் எதையும் பிரித்துப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ளும் ஆக்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. உங்கட கூட்டத்திலும் ஒருத்தர் கட்டாயம் இருப்பார்.

அவர்களோடு எங்களுக்கு வரும் சண்டையில் பாதி, அந்த 'ஏன்?' என்ற சொல்லால் வருவது. எங்கட வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பெரியாக்களிடம் 'ஏன்' என்று கேட்டால் அது வாய்க்காட்டுறது. அப்படியே வளர்ந்ததால், யார் கேட்டாலும் எங்களைக் குற்றம் பிடிக்கிறார்கள் என்றுதான் காதில் விழுகிறது. அவர்களுக்கோ அது வெறும் கேள்வி. சொல்லப்போனால், அக்கறை இல்லாத விசயத்தில் அவர்கள் கேள்வியே கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, அவர்களுக்குக் குறிப்பால் உணர்த்தாதீர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "ஒண்டுமில்லை" என்றால், ஒண்டுமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். "மச்சான், இப்ப ஐடியா வேண்டாம், சும்மா கேள்" என்று நேரே சொல்லுங்கள். நேரே சொன்னால் கோவிக்காத ஆக்கள் அவர்கள்.

அதற்காகப் பிழை முழுக்க எங்கள் பக்கம் என்றில்லை. "நான் இப்பிடித்தான், என்ர டைப் அது" என்பது சாட்டு. செத்த வீட்டில் போயிருந்து, நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று விளக்கம் சொல்வது சரியான கணக்காகவே இருக்கட்டும். அந்த இடத்தில் அது கொடுமை. என் நண்பனின் அட்டவணையும் ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் நான் அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

இதை அவனிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓம், நியாயம்" என்றான். அதுக்குப் பிறகு நான் எதையாவது புலம்பத் தொடங்கினால், "கேக்கவா, சொல்லவா?" என்று முதலில் கேட்கிறான்.

போன கிழமை அவன் போன நேர்முகத்தேர்வு சரிவரவில்லை. எடுத்துச் சொன்னான். நான் உடனே, "ஏனடா? என்ன கேட்டவங்கள்?" என்றேன். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.