படம் வந்துதான் தெரிய வேண்டுமா?

கோலா சாவா வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காற்பந்து புதிதல்ல. வேலை முடிந்ததும் திடலுக்கு ஓடிய அப்பாக்களின் பிள்ளைகள் நாங்கள். ஆனால், இதே நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சனில் பிறந்து நாட்டின் கோல் காவலரான ஆர். ஆறுமுகத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறாண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 2016-இல் முதலாம் படிவத்தில் இருந்தபோது ‘ஓலா போலா’ படம் வந்தது. அதில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: “இது நம்ம ஸ்பைடர்மேன் ஆறுமுகம்டா!”

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் காவலர் அவர். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்தது. உழைத்து வென்ற வாய்ப்பு கைநழுவியது. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தார்.

எத்தனை ‘ஏ’ என்று எண்ணி மாலை போடும் சமுதாயம் நாம். அதைக் குறை கூறவில்லை. அந்த மாலை எனக்கும் விழுந்தது. ஆனால், தேசியச் சட்டை அணிந்தவருக்கு நம் நினைவில் இடமில்லையா? 2010-இல் மலேசியா சுசுகி கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநராக இருந்த கே. ராஜகோபாலையாவது நம் தம்பி தங்கைகள் அறிவார்களா?

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின்றன. திடல் போனால் அதில் ஆடியவர்களின் பெயரும் போய்விடும். நண்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் தோட்டக் குழுவில் ஆடிய பெரியவர் ஒருவரிடம் பேசி எழுதி வாருங்கள். அடுத்த இதழில் அவர்களுக்குச் சில பக்கங்களை ஒதுக்குவோம்.