படியெடுக்கும் ஆணை தமிழில் இயங்காதா?



கணிப்பொறியின் முன் அமரும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கோப்பை ஓரிடத்தில் இருந்தவாறே வைத்து, அதைப்போன்ற இன்னொன்றை வேறோரிடத்தில் ஆக்குவதைக் 'காப்பி பண்ணுதல்' என்பர். சற்றே தமிழுணர்வு கொண்டவர் 'நகலெடுத்தல்' என்பர். மேடையேறிப் பழகியவர் 'பிரதி எடுத்தல்' என்பர். முதலது ஆங்கிலம், அடுத்தது அரபு, மூன்றாவது வடமொழி. மூன்று வீட்டுத் திண்ணையிலும் கையேந்தி நின்றவன் தன் வீட்டுப் பானையைத் திறந்து பார்த்தானில்லை.

இம்மூன்றனுள் 'நகல்' என்பதே பெருந்தீங்கு செய்வது. ஏனெனில் அது தமிழுடை உடுத்துக்கொண்டு வருகின்றது. பள்ளிப் பாடநூலில் 'நகலெடுத்தல்'. பேசித் திரையில் 'நகலெடு'. இவற்றைப் பார்க்கும் பிள்ளை, ஆங்கிலம் ஒழிந்து தமிழ் வந்துவிட்டது என்றே நம்புகின்றது. 'அசலும் நகலும்' என்று நாம் இணைத்துப் பேசுகின்றோமே, அவ்விரண்டுமே அரபு! எங்கள் செங்கழுநீர்ப்பட்டுப் பகுதி 1763-இல் ஆர்க்காட்டு நவாபால் ஆங்கிலக் கும்பினிக்குச் சாகிராகக் கொடுக்கப்பட்ட நிலம். நவாபும் போனார், கும்பினியும் போனது. தாசிலும் நகலும் மட்டும் இன்னும் போகவில்லை.

நம் சொல் யாது? படி. கையெழுத்துப்படி என்கின்றோம்; ஏட்டுப்படி என்கின்றோம்; கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுப்பதை மைப்படி என்கின்றோம். கோப்பு என்பதும் நம் சொல்லே. ஓலையைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்தவன் ஆக்கிய சொல் அது. ஆகவே கோப்பைப் படியெடுத்தல் என்பது கணிப்பொறிக்காக நேற்று யாரும் தட்டி வார்த்த செயற்கைச் சொல்லன்று. அத்தொழிலையே ஓராயிரம் ஆண்டு செய்த இனத்தின் வாய்ச்சொல்.

திருமழபாடிக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுத்தளியை இடித்துப் புதிதாய்க் கட்ட இராசராச சோழன் முனைந்தபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் முன்னதாகப் படியெடுத்து வைக்க ஆணையிட்டான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதுச்சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. அழிக்குமுன் படியெடு, பின்னர் மீட்டு வை என்பதைத்தானே இன்றைய கணிப்பொறி வல்லுநர் ஏதோ புதுமறை போல் ஓதுகின்றனர்? (சோழரைப் புகழ்ந்ததனால் ஒன்றை மறைக்க வேண்டா. மதுரையை அழித்தவன் என்று பொருள்படும் வடமொழிப் பெயரைத் தமிழரசன் ஒருவனே சூடி, அதை எம் ஊருக்கும் ஒட்டவைத்த இழிவையும் யாம் மறந்திலேம்.)

படியில்லாத ஏட்டுக்கு நேர்வது யாது என்பதை 1981-இல் யாழ்ப்பாணத்தில் கண்டோம். நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத கையெழுத்துச் சுவடிகள் போனது போனதுதான். எம் ஊருக்கு வடமேற்கே உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள் சுவரில் நிற்கின்றன. நாமே சென்று காணலாம். ஆனால் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் அடைந்து கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொணருமாறு 2021-இல் சென்னை உயர்முறை மன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது. படி யார் கையில் உள்ளதோ, வரலாறும் அவர் கையிலேயே உள்ளது.

இனி, கணிப்பொறி ஆணைக்கு வருவோம். அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சனும் தென்னிசு இரிச்சியும் தொடங்கிய யூனிக்சு இயங்குதளத்தில், படியெடுக்கும் ஆணை 'சி, பி' என்னும் இரண்டெழுத்து. (சோழர்குடி முதல்வன் சிபிக்கும் இதற்கும் தொடர்பில்லை!) 'காப்பி' என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளில் இரண்டைக் கொன்று மிஞ்சியது அது. அவர்கள் மொழியை அவர்கள் நறுக்கிக்கொண்டார்கள். நமக்கு அதில் வழக்கில்லை. 1971-இல் வந்த யூனிக்சின் முதற் கையேட்டிலேயே இவ்வாணை உண்டு. இன்றைய இலினக்சிலும் உண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே 'பாசு' என்னும் இலினக்சு நம் சிற்றூர்ப் பிள்ளைகள் கைக்கும் வந்தது.

இவ்வாணையின் பின்னே முதலில் எடுக்கப்படும் கோப்பின் பெயரையும், அடுத்துச் சேரிடத்தின் பெயரையும் எழுதவேண்டும். இரண்டுக்கும் உருபு கிடையாது. எது முன், எது பின் என்பதே பொருளை முடிவு செய்யும். மாற்றி எழுதினால் பொறி நம்மை ஒன்றும் கேளாது. சேரிடத்தில் அதே பெயரில் இருந்ததை அழித்துவிட்டு அதன்மேல் எழுதிவிடும்.

யாம் இதைப் பட்டறிந்தோம். மதுராந்தகம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் நீர்க்கட்டிகளிடமும் உழவரிடமும் மூன்றாண்டு அலைந்து, மதகு, தூம்பு, கலங்கல், தாங்கல் எனத் தொடங்கி 400-க்கு மேற்பட்ட நீர்ப்பாய்ச்சற் சொற்களைத் திரட்டி ஒரு கோப்பில் வைத்திருந்தோம். பழைய விரலி ஒன்றில் அதே பெயரில் முதலாண்டுக் கோப்பு இருந்தது. அதில் இருந்தவை 60 சொற்கள். அன்பான மாணவன் ஒருவன், "ஐயா, நான் படியெடுத்துத் தருகிறேன்" என்று அமர்ந்தான். 'விரலியில் இக்கோப்பைப் படியெடு' என்று தமிழில் எண்ணினான். நம் மொழியில் இடம் முன்னும் பொருள் பின்னும் வருதல் இயல்புதானே? எண்ணியவாறே விரலியை முன்னும் வீட்டுக் கோப்பைப் பின்னும் எழுதினான். நொடியில் 400 போய் 60 ஆயிற்று! அவன் பயின்ற கணிப்பொறி வகுப்பில் 'சோர்ஸ்', 'டெஸ்டினேசன்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதோடு சரி. 'எதை', 'எதில்' என்று எவரும் அவனுக்குச் சொன்னதில்லை. பிள்ளை அழுதான். யாம் அவனைக் கடிந்திலேம்.

எதை என்பது இரண்டாம் வேற்றுமை. எதில் என்பது ஏழாம் வேற்றுமை. உருபு நிற்கும்வரை சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறாது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த இலக்கணம். பின்னாளில் குனு திட்டத்தாரும் இக்குறையை உணர்ந்தார் போலும்! சேரும் அடைவைத் தனியே சுட்டிக்காட்ட 'டி' என்றொரு குறியை வைத்தனர். அதை யாம் அவர்களின் ஏழனுருபு என்போம். அழித்தெழுதுமுன் நம்மைக் கேட்கச் செய்யும் குறியோ 'ஐ'. ஆங்கில எழுத்துத்தான், ஆயினும் நம் இரண்டனுருபின் ஒலியோடே அது நிற்பதைக் கண்டு சிரித்துக்கொண்டோம்.

'படி என்றால் மாடிப்படியா, நாழிப்படியா என்று குழம்பாதா?' என்று எள்ளுவார் உளர். காப்பி என்றால் குடிப்பதா, எழுதுவதா என்று அவர் என்றேனும் குழம்பியதுண்டா? 'ஆணைச் சொல்லை மாற்ற இயலாது. உலகம் முழுதும் ஒன்றே' என்பார் இன்னொருவர். அறியாது உரைப்பது அது. இலினக்சின் ஆணைமுனையத்தில் மாற்றுப்பெயர் சூட்டும் 'ஏலியாசு' என்னும் ஏந்து உண்டு. ஒரே வரியில் 'படியெடு' என்பதை அவ்வாணைக்குப் பெயராகச் சூட்டலாம். 'ஐ' குறியையும் அதனுள்ளேயே அடக்கலாம். ஏவல் வினைக்குப் பகுதியே போதும் என்னும் தமிழுக்கு, ஆணைச்சொல் ஆவதில் என்ன தடை?

தடை வேறிடத்தில் உண்டு. இலினக்சில் பெரிதும் வழங்கும் கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேற்போகாது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்டு. ஒருங்குறியின் வழக்கமான வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. புள்ளி மெய்க்கும் அகரமல்லா உயிர்மெய்க்கும் இரண்டு குறிகள், அஃதாவது ஆறு பைட்டு. 'படியெடு' என்னும் நான்கெழுத்துக்கு 21 பைட்டு! அத்தகைய எழுத்துகளே நிரம்பிய பெயராயின் 42 எழுத்தோடு நின்றுவிடும், ஆங்கிலனுக்கோ 255. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறி தரும் 'தாசு' அனைத்தெழுத்துக் குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. ஏற்றதோடு உறங்கிற்று. எத்தனை அரசு அலுவலகத்தில் அது வழங்குகின்றது என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேளுங்கள்.

எம் பள்ளிக் கணிப்பொறிகளில் அம்மாணவன் தானே 'படியெடு' என்னும் பெயரை ஏற்றிவிட்டான். இழந்த சொற்களில் பாதிக்கு மேல் மீண்டும் திரட்டியாயிற்று. முதுநீர்க்கட்டி ஒருவர் சென்ற கோடையில் மறைந்தார். அவரிடம் கேட்டு எழுதியவற்றுள் சில, எம் நினைவிலும் இல்லை. வரும் காரிக்கிழமை ஏரியின் தென்கரை ஊர்களுக்குப் போகின்றோம். உங்கள் பகுதி ஏரிச்சொற்களை எழுதி வைத்திருப்போர் எமக்கு ஒரு படி விடுக்க.