கடுகளவு சின்னம்

சமையல் குறிப்போ சிறுகதையோ எழுதிச் சொந்தமாக இணையத் தளம் நடத்தும் சகோதரிகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து அப்படி ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவருடைய அக்கா போனில், "ஏண்டி, உன் தளத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பாலை இறக்கப் போனேன். வந்து பார்த்தால் பன்னிரண்டு டேப் வரிசையாக நிற்கிறது. உன்னுடையது எது என்றே தெரியவில்லையே!" என்றாராம்.

"ஒவ்வொரு டேப்பின் தலையிலும் ஒரு குட்டிப் படம் இருக்கிறது. என் தளத்துக்கு மட்டும் இடம் கொடுத்த கம்பெனியின் முத்திரைதான். மூன்று வருஷமாக எழுதியும் வாடகைக் குடித்தனக்காரி மாதிரியே இருக்கிறேன்" என்று தங்கை குறைப்பட்டிருக்கிறார். நியாயமான குறைதான். நாம் கோலம் போடும் வாசலில் வேறு யாருடைய பெயர்ப்பலகையோ தொங்கினால் மனசு கேட்குமா?

அந்தக் குட்டிப் படத்துக்கு ஃபேவிகான் என்று பெயர். 1999 மார்ச்சில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐந்தாம் பதிப்பில் அது முதலில் தலைகாட்டிற்று. அதை உருவாக்கியவர் பரத் ஷியாம் என்ற பொறியாளர். பிடித்த தளங்களைக் குறித்து வைக்கும் பட்டியலுக்கு அந்தப் பிரௌஸரில் 'ஃபேவரிட்ஸ்' என்று பெயர்; அதோடு ஐகானை ஒட்டியதால் ஃபேவிகான். அந்த நாளில் ஒரு வேடிக்கையும் உண்டு. யாராவது தளத்தைக் குறித்து வைக்கும்போதுதான் பிரௌஸர் அந்தப் படத்தைக் கேட்டு வரும். ஆகவே எத்தனை பேருக்கு நம்மைப் பிடித்திருக்கிறது என்று தளத்துக்காரர் இரகசியமாக எண்ணிப் பார்க்கலாம்! இப்போது வருகிறவர் எல்லாருக்காகவும் பிரௌஸர் கேட்டுவிடுவதால் அந்த யுக்தி பலிக்காது.

சரி, என்ன வரைவது? நம் சகோதரிக்குத் தன் புகைப்படமும் வேண்டும், கோபுரமும் வேண்டும், ஊர்ப் பெயருக்குப் பொருத்தமாகப் புளியமரமும் வேண்டுமாம். (திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள்.) ஆசை நல்லதுதான், ஆனால் இடம் எங்கே? டேப்பில் கிடைப்பது பதினாறுக்குப் பதினாறு, ஆக 256 கட்டங்கள். முகத்தை அதில் அடைத்தால் மஞ்சள் பூசிய கொழுக்கட்டை. மரம் ஒரு பச்சைக் கறை. புளியம்பழமோ சாட்சாத் கம்பளிப் பூச்சி!

புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது புது வித்தை அல்ல. 1984-இல் வந்த மாக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண்மணி, கட்டம் போட்ட நோட்டில்தான் வேலையைத் தொடங்கினார். முன்பே பழகியிருந்த ஊசிவேலையும் மொஸெய்க்கும் இதே ஜாதிதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

என் அபிப்பிராயம் புளிய இலை. நடுவில் காம்பு, இரு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். சிற்றிலைக்கு இரண்டு கட்ட உயரம், இடைவெளி ஒரு கட்டம் என்று வைத்தால் ஐந்து ஜோடி கச்சிதமாக அடங்கும். நிஜ இலையில் பத்து ஜோடிக்கு மேல் இருக்குமே என்று யாரும் எண்ணப் போவதில்லை. அக்காவும் ஒரு தளம் தொடங்கினால் விழுப்புரம் ஜங்ஷனே சின்னமாகலாம். சென்னை, காட்பாடி, புதுச்சேரி, மயிலாடுதுறை, விருத்தாசலம் என்று ஒரு புள்ளியிலிருந்து ஐந்து கோடுகள்! எழுத்துதான் வேண்டுமென்றால் 'ட', 'ப' போல நேர்கோட்டு எழுத்து தெளிவாக நிற்கும். 'தி', 'ழு' எல்லாம் சுழியும் கொக்கியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். வெள்ளைச் சிமெண்டுத் தரையில் மாக்கோலம் தெரியுமா? சிலர் டேப் பட்டையை வெளுப்பாகவும் சிலர் கறுப்பாகவும் வைத்திருப்பார்கள். இரண்டிலும் எடுக்கிற நிறமாகப் பாருங்கள்.

வரைந்ததை அப்படியே 32 மடங்கு பெருக்கினால் பக்கத்துக்கு 512 புள்ளி வரும். முழு மடங்காகப் பெருக்குவதால் ஓரம் மங்காது. வேர்ட்பிரஸ் கேட்பதும் அந்த அளவுதான்; அங்கே 'சைட் ஐகான்' என்ற இடத்தில் ஏற்றுங்கள். பிளாக்கரில் 'செட்டிங்ஸ்' பக்கத்திலேயே ஃபேவிகானுக்கு இடம் உண்டு. படம் சதுரமாகவும் 100 கிலோபைட்டுக்குள்ளும் இருக்க வேண்டும்.

ஏற்றிய பிறகும் பழைய முத்திரையே தெரிகிறதா? பதறி நாலு தரம் ஏற்ற வேண்டாம். பிரௌஸர் பழைய படத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும்; இலேசில் விடாது. வேறு ஒரு போனில் திறந்து பாருங்கள், அல்லது இரண்டொரு நாள் பொறுங்கள்.