ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் சார்பில்

இந்தியாவில் தயாரான ராணுவ கேம் ஒன்று அடிவாங்கினால் போதும், தீர்ப்பு தயாராகிவிடும். நம்ம பசங்களுக்கு நம்ம நாட்டுச் சரக்கு இறங்காது, கொரியாக்காரன் செய்து கொடுத்தால்தான் ஆடுவார்கள், கும்பலாகச் சேர்ந்து ஒற்றை நட்சத்திரம் போட்டே ஒரு நல்ல முயற்சியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்பார்கள். 2021 ஜனவரியில் 'ஃபௌஜி' வந்தபோது கேட்ட பேச்சு இது. நாலு வருஷம் கழித்து, 2025 ஜனவரி இறுதியில் அதன் அடுத்த பாகமான 'ஃபௌஜி: டாமினேஷன்' வந்தபோதும் இதே பேச்சைத் தூசி தட்டி எடுத்தார்கள். புதுச்சேரி தவளக்குப்பம் சந்திப்பில் டீ குடித்துக்கொண்டு பேசுகிறவர்களிடமும் கேட்டேன், படித்தவர்கள் எழுதுவதிலும் பார்த்தேன். பேச்சின் உள்ளே நாலைந்து வாதங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றிரண்டு பாதி சரி. மற்றவை நிற்காது.

முதல் வாதம், உள்நாட்டுப் பொருள் மேல் நம்மவர்களுக்கு மரியாதை இல்லை என்பது. நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. இரண்டே நாளில், செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்‌ஷய் குமார் ஃபௌஜியை அறிவித்தார். பெங்களூரு என்கோர் கேம்ஸ் தயாரிப்பு. நிகர வருமானத்தில் 20 சதவீதம் வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் 'பாரத் கே வீர்' நிதிக்குப் போகும் என்றார்கள். அதன்பின் ஆள் பார்க்காத, ஒரு நிமிஷம்கூட ஆடிப் பார்க்காத கேமுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் முன்பதிவு செய்து காத்திருந்தார்கள். வெளிவந்தது 2021 குடியரசு தினத்தன்று. நாட்டுச் சரக்கை வெறுக்கிற கூட்டம் இப்படி வரிசையில் நிற்குமா? அந்த 40 லட்சத்துக்குப் பெயர் வெறுப்பென்றால், ரசிகர் மன்றத்துக்கு வேறு பெயர் தேட வேண்டும். ஏமாற்றத்தின் அளவு எதிர்பார்ப்பின் அளவுதான். எதிர்பார்ப்பை ஊதிப் பெரிதாக்கியது விளம்பரம். பப்ஜி போன இரண்டாம் நாள், துப்பாக்கிக்காரன் படத்தோடு, அதே ஓசையில் பெயர் வைத்து அறிவித்துவிட்டு, 'இதைப் பப்ஜியோடு ஒப்பிடாதீர்கள்' என்று பின்னால் சொன்னால் யார் கேட்பார்கள்?

இரண்டாவது வாதம் கனமானது. ஃபௌஜியின் முதல் பாகம் கல்வான் பள்ளத்தாக்கில் நடக்கிறது. அதில் துப்பாக்கி கிடையாது. கை, தடி, இரும்புக் குழாய்தான். பையன்கள் 'என்னடா ராணுவ கேம், ஒரு துப்பாக்கி கூட இல்லை' என்று கத்தினார்கள். இதற்குப் பதிலாக, 'கல்வானில் உண்மையாகவே துப்பாக்கி சுடவில்லை, வரலாறு தெரியாத பிள்ளைகள்' என்றார்கள். வரலாறு இவர்கள் சொல்வதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. எல்லைக்கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று 1996இல் இந்தியாவும் சீனாவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. 2020 ஜூன் 15 இரவு நடந்தது கைகலப்பு, கல்வீச்சு, கூர் ஆயுதத் தாக்குதல். இந்தியத் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அவருக்கு வீர் சக்ரா அறிவித்தது 2021 குடியரசு தினத்தை ஒட்டித்தான். அதாவது இந்தக் கேம் கடைக்கு வந்த அதே நாட்களில்.

சரி, துப்பாக்கி இல்லாததுதான் உண்மை. அப்படியானால் அந்த உண்மையை ஏற்றுச் செய்திருக்க வேண்டிய வேலை என்ன? பதினாலாயிரம் அடி உயரத்தில் மூச்சு எப்படி வாங்கும், இருட்டில் பக்கத்தில் நிற்பவன் நம்மாளா எதிரியா என்று எப்படித் தெரியும், ஆற்றுக் குளிரில் கை எப்படி விறைக்கும், கையில் ஆயுதம் இருந்தும் சுடக்கூடாது என்ற கட்டளையில் நிற்பது எப்படி இருக்கும்! இதில் ஒன்றையாவது விரல் நுனியில் உணர வைத்திருந்தால், துப்பாக்கி இல்லை என்று புலம்பிய பையனே வாயடைத்துப் போயிருப்பான். கிடைத்தது என்ன? முன்னால் நட, இரண்டு மூன்று பேர் வருவார்கள், அடி, தடு, மறுபடி அடி. உடம்பு தேற வேண்டுமா, நெருப்பு மூட்டிய இடத்தில் உட்கார். பிறகு மறுபடி நட. கொஞ்ச நேரத்தில் கதையும் முடிந்துவிடும். நாலு பேர் அணியாக ஆடிப் பழகியவனைத் தனியாளாக நடக்கவிட்டார்கள். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களில் பலர் எழுதிய குறை இதுதான்: ஒரே அடி, ஒரே எதிரி, அலுப்பு. வரலாறு சரியாக இருந்தது என்று வாதாடுகிறவர்கள், அந்த வரலாற்றை வைத்து ஒரு சலிப்பான பொருளைச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலே சொல்லவில்லை. மதிப்பீடு சில நாட்களிலேயே மூன்று நட்சத்திரத்தின் பக்கம் சரிந்தது.

இந்த இடத்தில் பையன்களையும் கொஞ்சம் கண்டிக்கத்தான் வேண்டும். ஆடிப் பார்க்காமலே, பப்ஜி போன கோபத்தில் மட்டும் நட்சத்திரத்தைக் குறைத்தவர்களும் இருந்தார்கள். கெட்ட வார்த்தை எழுதினார்கள். அதைத் தனியாகக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் குறைகள் மிச்சம் நிற்கின்றன என்பதுதான் என் வாதம்.

மூன்றாவது, 'சின்ன கம்பெனி, அவனோடு இவனை ஒப்பிடலாமா' என்பது. இதில் நியாயம் இருக்கிறது. 2020இல் வந்த கால் ஆஃப் டியூட்டி பாகத்துக்கு, அதன் ஆயுள் முழுக்கச் சேர்த்து, 70 கோடி டாலர் செலவானதாக அமெரிக்க நீதிமன்ற ஆவணம் ஒன்றில் அந்தத் தொடரின் பொறுப்பாளரே சொல்லியிருக்கிறார். அந்தப் பணத்தின் நிழலில்கூட நம் ஊர் ஸ்டுடியோ நிற்க முடியாது. ஆகவே புல் அசையவில்லை, முகம் பொம்மை மாதிரி இருக்கிறது என்ற குறைகளை நானும் தள்ளிவைக்கிறேன். ஆனால் இங்கே விளையாடுகிறவன் கேட்பது புல் அசைவதை இல்லை.

சாயங்காலம் நல்லவாடு ரோடு திரும்புகிற இடத்தில் மொபைல் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். கம்பெனி ஷிப்ட் முடித்து வந்தவன், ஐடிஐ படிக்கிறவன், பெயின்ட் வேலைக்குப் போகிறவன். பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் ரூபாய் போன், மூலையில் விரிசல் விட்ட கிளாஸ். கடல் பக்கத்துப் புழுக்கத்தில் கட்டைவிரல் வியர்த்துத் திரையில் ஒட்டும் என்று ஒருவன் பவுடர் டப்பா வைத்திருக்கிறான், இன்னொருவன் விரலுக்கு உறை மாட்டியிருக்கிறான். இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், நாலையும் வைத்து ஆடுகிறவன் கேட்கிற கேள்விகள்: திருப்பினால் உடனே திரும்புகிறதா, ரீகாயில் (சுடும்போது வரும் உதைப்பு) துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுகிறதா, பிங் (நெட் தாமதம்) நூறைத் தாண்டுகிறதா, அரை மணியில் போன் தோசைக்கல்லாகிறதா, எதிரில் வருபவன் மனுஷனா, கம்ப்யூட்டர் ஆட்டுகிற 'பாட்'டா. இவற்றில் எதற்கும் எழுபது கோடி டாலர் தேவைப்படாது. பொறுமையும் சோதனையும் தேவை. மேலும் ஒன்று. இலவச கேம்தானே, பிடிக்கவில்லை என்றால் விடு என்கிறார்களே, அவனுக்கு அது இலவசமில்லை. போனில் இடம் போதாமல், அக்கா கல்யாண வீடியோவைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு இடம் பண்ணித்தான் இறக்குகிறான். அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும்.

நாலாவது, 'இவர்கள் திட்டுவார்கள், திட்டிவிட்டு அதையே ஆடுவார்கள், இந்தக் கூச்சலுக்கு மதிப்பே இல்லை' என்பது. உலக அளவில் இதற்கு ஆதாரம் கைநிறைய இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2009இல் கால் ஆஃப் டியூட்டியின் மாடர்ன் வார்ஃபேர் 2ஐப் புறக்கணிக்கிறோம் என்று ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் குழு சேர்த்தவர்கள், கேம் வந்த அன்று அதையே ஆடிக்கொண்டிருந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 2016இல் அதே தொடரில் விண்வெளிக்குப் போன இன்ஃபினிட் வார்ஃபேரின் டிரெய்லருக்கு முப்பது லட்சத்துக்கு மேல் டிஸ்லைக் விழுந்தது. அந்த வருஷம் அமெரிக்காவில் அதிகம் விற்ற கேமும் அதுதான். சிரிக்கத்தான் தோன்றும்.

ஆனால் அடுத்த கணக்கையும் எழுத வேண்டும். 2021 நவம்பரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 2042, அந்தத் தொடரின் முதுகெலும்பான பிரிவுமுறையை (மருத்துவன், பொறியாளன் என்று ஆளுக்கொரு வேலை) எடுத்துவிட்டு, பெயர் சூட்டிய நாயகர்களைக் கொண்டுவந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், பணத்தைத் திருப்பிக் கொடு என்று மனு போட்டார்கள். 2023இல் பிரிவுமுறை அந்தக் கேமுக்குள்ளேயே திரும்ப வந்தது. 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 6 நாலு பிரிவுகளோடுதான் வந்தது. மூன்று நாளில் 70 லட்சம் பிரதி விற்றதாகக் கம்பெனி அறிவித்தது. கால் ஆஃப் டியூட்டியில் 2024இலும் 2025இலும் அடுத்தடுத்து பிளாக் ஆப்ஸ் வந்து, இரண்டாவதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்தபின், இனி ஒரே வரிசையை அடுத்தடுத்த வருஷம் விட மாட்டோம் என்று ஆக்டிவிஷன் சொல்லிவிட்டது. கூச்சலுக்கு மதிப்பில்லை என்றால் இந்தக் கம்பெனிகள் யாருக்குப் பயந்து திசை மாறின?

ஃபௌஜியின் கதையிலேயே பதில் இருக்கிறது. 2021இல் பையன்கள் எழுதிய குறைகளையும் டாமினேஷனில் வந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். துப்பாக்கி இல்லை என்றார்கள், இதில் முழுக்கத் துப்பாக்கி. தனியாக நடக்கிறோம் என்றார்கள், இதில் ஐந்துக்கு ஐந்து. ஒரே மாதிரி என்றார்கள், இதில் அணிச்சண்டை, ஸ்னைப்பர் மட்டும், ஒரே குண்டில் சாவு என்று தனித்தனி முறைகள். ஆடிப் பார்க்க விடாமல் ஒரே நாளில் கொட்டினீர்கள் என்றார்கள், இந்த முறை கேமைச் செய்த டாட்9 ஸ்டுடியோ 2024 டிசம்பரிலேயே பீட்டா விட்டு ஆடச்சொல்லிப் பார்த்தது. டெல்லி மெட்ரோ, ஜோத்பூர், மும்பை, சென்னைத் துறைமுகம் என்று களங்களும் நம் ஊர்களாயின. இந்தப் பட்டியலை எழுதியது எந்த ஆலோசனைக் கம்பெனியும் இல்லை, ஒற்றை நட்சத்திரக்காரர்கள்தான்.

ஐந்தாவது வாதத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் சத்து இல்லை. ராணுவத்தைப் பற்றிய கேமைக் குறை சொன்னால் ராணுவத்தைக் குறை சொன்ன மாதிரியாம். புதுச்சேரிக்காரர்களிடம் இதைச் சொல்லக்கூடாது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள் வாழ்ந்த மண் இது. ஜூலை 14 அன்று கடற்கரை யுத்த நினைவுச் சின்னத்தின் முன் பதக்கம் குத்திக்கொண்டு நின்ற கிழவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். போர்ப் படத்தைப் பார்த்து முதலில் சிரிக்கிறவர்கள் அவர்கள்தான்: துப்பாக்கியை இப்படியா பிடிப்பான், இப்படி நிமிர்ந்து ஓடினால் பத்தடி தாண்டுவானா? அவர்களை யாரும் துரோகி என்று சொன்னதில்லை. வேலை தெரிந்தவன் குறை சொல்வான். நாலு வருஷமாகத் தினம் இரண்டு மணி நேரம் இதையே ஆடுகிற பையனுக்கும் இந்த வேலை தெரியும்.

உள்நாட்டுச் சரக்கு மேல் வெறுப்பு என்ற பூதத்தை முழுக்க விரட்ட இன்னொரு சங்கதி. கொரியாவின் கிராஃப்டான் 2021 ஜூலை 2 அன்று பப்ஜியை 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று பெயர் மாற்றி, ரத்தத்தைப் பச்சையாக்கி இறக்கியது. ஒரே வருஷத்தில் பத்துக் கோடிப் பேர் என்றார்கள். அதில் 'இந்தியா' என்ற சொல்லைப் பார்த்து யாரும் போகவில்லை, 'கொரியா' என்பதைப் பார்த்தும் போகவில்லை. விரல் சொன்னதைத் திரை கேட்டது, அதற்காகப் போனார்கள். 2022 ஜூலையில் அதுவும் கடையிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. இடையில் பத்து மாசம் கடையில் அதன் இடம் காலியாகக் கிடந்தது. நம் ஸ்டுடியோ எதுவும் அந்தப் பத்து மாசத்தில் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. அதற்கும் ரசிகர்தான் காரணமா?

டாமினேஷன் வந்த வாரம் எங்கள் பெஞ்சில் இறக்கிப் பார்த்தவர்களில் சிலர் வைத்திருக்கிறார்கள், சிலர் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்களில் ஒருவனிடம் கேட்டேன். "நல்லாத்தாண்ணா இருக்கு, முன்ன மாதிரி இல்ல. எங்க செட்டு அஞ்சு பேரும் அங்க இல்லையே, நான் மட்டும் தனியா என்ன பண்றது" என்றான். மூன்று நட்சத்திரம் போட்டிருந்தான். கீழே நாலு வரி எழுதியும் இருந்தான்: கிரனேடு எறிகிற பட்டன் கட்டைவிரலுக்கு எட்டாத இடத்தில் இருப்பதாக, அதை எங்கே நகர்த்த வேண்டும் என்று. அதற்கு மேலே ஐந்து நட்சத்திரம் போட்ட ஒருவர் 'ஜெய்ஹிந்த்' என்று மட்டும் எழுதியிருந்தார். அடுத்த பாகத்தை உட்கார்ந்து செய்யப்போகிற பொறியாளருக்கு இந்த இரண்டில் எது உபயோகம் என்று அவரையே கேட்டுக்கொள்ளலாம்.