நல்லவன் வேஷம்

நல்லவனாக இருப்பது கஷ்டம், நல்லவனாக நடிப்பது சுலபம் என்று ஒரு பேச்சு நம்மிடையே வழங்கி வருகிறது. முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. ஆனால் அவர் ஒரு நாளும் வேஷம் கட்டி ஆடியவராக இருக்க முடியாது. நல்லவனாக நடிப்பதைப் போலக் கஷ்டமான காரியம் வேறில்லை என்பது என் கட்சி. அதிலும், நடிக்கிறவனுக்குக் கூலி கொடுத்து, அந்தக் கூலியை அவன் கண்ணெதிரே எண்ணிக் காட்டிக்கொண்டே நல்லவனாக நடிக்கச் சொன்னால், அவன் நல்லவனாகவும் ஆவதில்லை, நல்ல நடிகனாகவும் ஆவதில்லை. வியாபாரியாகத்தான் ஆகிறான்.

இவ்வளவும் வீடியோ கேமைப் பற்றித்தான். கதை படிக்கிற நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அதுவும் கதைதான். ஒரு மாயலோகம், அதில் மந்திரவாதிகள், பூதங்கள், வாளேந்திய வீரர்கள். ஆடுகிறவன் அவர்களில் ஒருவனாக வேஷம் தரித்துக்கொள்கிறான். நடுநடுவே கதை அவனை நிறுத்திக் கேள்வி கேட்கிறது: எரிகிற ஊரைக் காப்பாற்றப் போகிறாயா, கிடைத்த பொன்னோடு உன் வழியே நடக்கப் போகிறாயா? விடையைப் பொறுத்துக் கதை திரும்புகிறது. கதாசிரியனுக்கே பொறாமை தரத்தக்க ஏற்பாடு என்பதை நான் மறைக்கவில்லை.

இந்த விளையாட்டைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. பெரியவர்கள் கட்சி, "பையன் கெட்டுப்போகிறான்" என்கிறது. புதிதாகப் படித்தவர்கள் கட்சி, "இல்லை, தர்மசங்கடம் என்றால் என்ன என்பதை இது கற்றுக்கொடுக்கிறது, பள்ளிக்கூடத்து நீதிபோதனையைவிட மேல்" என்கிறது. இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை உண்டு.

முதலில் பெரியவர்கள். மாஸ் எஃபெக்ட் என்று ஒரு விளையாட்டு 2007இல் வெளிவந்தது. அதில் கண்ணியமாகவும் நடக்கலாம், முரட்டுத்தனமாகவும் நடக்கலாம். இரண்டுக்கும் தனித்தனியே வசனம் எழுதி, நடித்து, படமாக்கி வைத்திருந்தார்கள். ஆடியவர்களில் ஏறக்குறைய 92 சதவீதத்தினர் கண்ணியமான வழியைத்தான் பிடித்தார்கள் என்று அதில் வேலை செய்த ஒருவர் 2020இல் சொன்னார். கேட்பாரில்லை, தண்டிப்பாரில்லை, அடித்தால் வலிக்காத பொம்மைகள்தான் எதிரே. அப்படியும் பத்தில் ஒன்பது பேர் நல்லவன் வேஷத்தைத் தேடி எடுக்கிறார்கள் என்றால், மனுஷ ஜாதியைப் பற்றி நாம் கொண்டிருக்கிற அபிப்பிராயத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டாமா?

வேஷம் போட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பீர்கள். ஒட்டிக்கொண்டதற்குச் சாட்சி காந்தி. சிறு பிராயத்தில் ஹரிச்சந்திர நாடகம் பார்த்துவிட்டு, தமக்குள்ளேயே எத்தனையோ தடவை ஹரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததாக அவர் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். ராஜகோட்டையில் ஒரு பையன் தனியே ஆடிய விளையாட்டு அது. அதன் பலனைத் தேசம் கண்டது. ஆகவே, நல்லவனாக வேஷம் போடுவது ஏமாற்று வேலை அல்ல, பயிற்சி. பெரியவர்கள் கட்சிக்கு என் பதில் இவ்வளவுதான்.

இரண்டாவது கட்சிக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

களமருதூரில் என் தங்கை வீடு. கோடை விடுமுறையில் அவள் பேரன் இப்படி ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தான். அரண்மனை வாசலில் ஒரு பிச்சைக்காரக் கிழவன் கை நீட்டினான். பையன் பத்துக் காசு கொடுத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஏண்டா கொடுத்தே?" என்று கேட்டேன்.

"காசு குடுத்தா பேரு ஏறும் தாத்தா. பேரு ஏறினா கடையில கத்தி விலை குறையும்."

"கொடுக்காமல் அடித்துப் பிடுங்கியிருந்தால்?"

"அதையும் பண்ணிப் பாத்துட்டேன். அதுல லாபம் கம்மி. அதான் சேவ் பண்ணின எடத்துக்கே திரும்பிப் போயி காசு குடுத்துட்டேன்."

பையனை நான் குறை சொல்லவில்லை. விதியைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறான். 1998இல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற பிரசித்தி பெற்ற விளையாட்டிலேயே இந்த ஏற்பாடு உண்டு. கோவிலில் பொன்னைக் கொட்டினால் கீர்த்தி ஏறும். கீர்த்தி ஏறினால் கடைக்காரன் விலையைக் குறைப்பான். முதலீடு, வட்டி, லாபம். இதற்குத் தர்மசங்கடம் என்று பெயர் வைப்பது தர்மத்துக்கும் அநியாயம், சங்கடத்துக்கும் அநியாயம். கொலையைச் செய்துவிட்டு, பலனைப் பார்த்துவிட்டு, செய்யாத இடத்துக்குத் திரும்பி வரலாம் என்றால் அங்கே சங்கடம் எங்கே இருக்கிறது?

"நம் பாட்டிமார் ஆடிய பரமபதத்திலும் புண்ணியத்துக்கு ஏணி இருந்ததே" என்று ஒரு நண்பர் மடக்கினார். இருந்தது. ஆனால் எந்தக் கட்டத்தில் போய் நிற்பது என்பதைத் தாயக்கட்டை அல்லவா தீர்மானித்தது? ஏணியில் ஏறிய பாட்டி தன்னை அதிர்ஷ்டசாலி என்று நினைத்துக்கொண்டாளே தவிர, புண்ணியவதி என்று நினைத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்து விளையாட்டு லாபத்தையும் கையில் கொடுத்து, "நீ நல்லவன்" என்ற பட்டத்தையும் சூட்டி அனுப்புகிறது. நான் பயப்படுவது அந்தப் பட்டத்துக்குத்தான்.

எங்கள் பக்கத்துக் கூத்தைப் பாருங்கள். உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவலூர் வட்டாரங்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கர்ணன் வேஷக்காரருக்குக் கதை முடிவு தெரியும். பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கும் தெரியும். கவசகுண்டலத்தைக் கேட்டு வந்திருப்பவன் வேஷதாரியான இந்திரன் என்பதும், கொடுத்தால் உயிர் போகும் என்பதும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் கர்ணன் கொடுக்கிறான். கொடுத்ததற்கு அவனுக்கு எந்தக் கடையிலும் விலை குறைவதில்லை. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் சித்திரை மாதம் நடக்கிற விழாவும் களப்பலிக்குச் சம்மதித்த அரவானுக்காகத்தான். அங்கே அவன் பெயரால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துவிட்டு அழுகிற திருநங்கையரின் கண்ணீரை வேஷம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில்தான் மெய்ப்பொருள் நாயனார் அரசாண்டார் என்கிறது பெரியபுராணம். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, அடியார் வேஷம் தரித்து, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்து குத்திவிட்டான். அவனை வெட்ட வாளை ஓங்கிய காவலன் தத்தனை மன்னர் தடுத்தார். ஊரார் கையில் சிக்காமல் அவனைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய் விடச் சொன்னார். விட்டாயிற்று என்ற செய்தி வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையில் நல்லவன் வேஷம் போட்டவன் முத்தநாதன். கணக்குப் போட்டுக்கொண்டு வேஷம் போட்டான், காரியத்தையும் சாதித்துக்கொண்டான். அந்த வேஷத்துக்குரிய மரியாதையை உயிர் போகும்போதும் விடாதவர் மன்னர். அவருக்கு லாபம் பூஜ்யம். ஆகவே வேஷம் குற்றமில்லை. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கணக்குப்பிள்ளைதான் குற்றவாளி.

"முடிவில் சிவபெருமான் காட்சி கொடுத்தாரே, ஹரிச்சந்திரனுக்கும் ராஜ்யம் திரும்பக் கிடைத்ததே, அது கூலி இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மயானத்தில் சொந்த மகனின் பிணத்துக்கு எதிரே நின்று கூலி கேட்டானே ஹரிச்சந்திரன், அந்த நேரத்தில் ராஜ்யம் திரும்பும் என்று அவனுக்குத் தெரியுமா? தெரிந்து செய்திருந்தால் அந்தக் கதை இத்தனை தலைமுறை நின்றிருக்காது. பலன் வருவதில் தப்பில்லை. பலனை முன்கூட்டியே விலைச்சீட்டாக ஒட்டி வைப்பதுதான் தப்பு.

விளையாட்டு செய்கிறவர்களிலேயே இதை உணர்ந்தவர்கள் உண்டு. ரிச்சர்ட் கேரியட் என்பவர் 1985இல் அல்டிமா நான்காம் பாகத்தைச் செய்தார். கடைசியில் கொல்லுவதற்கு அசுரன் யாரும் இல்லாத கதை அது. சத்தியம், கருணை, நீதி, தியாகம், அடக்கம் முதலான எட்டுக் குணங்களில் தேறி அவதார புருஷன் ஆவதுதான் லட்சியம். 'அவதாரம்' என்ற நம் சொல்லையே எடுத்துக்கொண்டார். அதில் மூலிகை விற்கிறவள் கண் தெரியாத ஒருத்தி. காசை நீங்களே எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவள் கத்தமாட்டாள், காவலன் வரமாட்டான், திரையில் எண் எதுவும் ஓடாது. பாவம் மட்டும் உள்ளே ஏறும்.

2015இல் டோபி ஃபாக்ஸ் என்ற இளைஞர் பெரும்பாலும் தனியொருவராகவே செய்த அண்டர்டேல் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கொன்றால் பலம் ஏறும். யாரையும் கொல்லாமல் விட்டால் கடைசிவரை நோஞ்சானாகவே போராட வேண்டும். நல்லவனாக இருப்பதற்கு நஷ்டம் உண்டு. எல்லாரையும் கொன்று தீர்த்துவிட்டு, முதலிலிருந்து ஆடி நல்ல முடிவைப் பெற்றுக்கொள்ளலாம் என்று போனால், அந்த நல்ல முடிவிலும் பழைய ரத்தக்கறை தெரியும். நீ அழித்தாலும் நான் மறக்கவில்லை என்கிறது அந்தக் கதை. நம் கூத்து வாத்தியார்கள் பார்த்திருந்தால் சபாஷ் என்றிருப்பார்கள்.

கடைசியாக, விளையாட்டை மட்டும் பிடித்துத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கோவிலுக்கு ஒரு டியூப் லைட் உபயம் செய்து, வெளிச்சமே வராதபடி அதன்மேல் நம் பெயரை எழுதியவர்கள் யார்? நோயாளிக்கு ரொட்டி கொடுக்கும்போது ரொட்டியைப் பார்க்காமல் காமிராவைப் பார்த்தவர்கள் யார்? "பொய் சொல்லாதே, மார்க் குறைந்துவிடும்" என்று குழந்தைக்குச் சொன்னவர்கள் யார்? கீர்த்தி ஏறினால் விலை குறையும் என்ற விதியை யாரும் கற்பனையில் கண்டுபிடிக்கவில்லை. நம்மைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டார்கள்.

பையன்களிடமிருந்து விளையாட்டைப் பிடுங்காதீர்கள். நல்லவன் வேஷத்தைத் தானாக எடுத்துக்கொள்கிற பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். அந்த ஆசை பெரிய சொத்து. அவன் நல்லது செய்தேன் என்று வந்து சொன்னால், "என்ன கிடைத்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன இழந்தாய்?" என்று கேளுங்கள். ஒன்றும் இழக்கவில்லை என்றால் அவன் இன்னும் வேஷமே கட்டவில்லை, கடைதான் வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.