தும்மலுக்குக் கொடுக்கும் தூக்க மாத்திரை

இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

போன வாரம் தங்கை மகள் தன் பெண்ணோடு வந்திருந்தாள். பேத்தி பத்தாம் வகுப்பு. மழை விட்டதிலிருந்து அடுக்குத் தும்மல், கண் அரிப்பு. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தபடியே தூங்கி விழுகிறாள். "தினமும் காலையில ஒரு அவில் குடுத்துடறேன் பெரியம்மா, ஒரு மாசமா" என்கிறாள் இவள், ஏதோ பால் கொடுத்த மாதிரி.

எனக்குத் திக்கென்றது. பல வருடங்களுக்கு முன் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். மழைக்காலம் வந்தாலே வகுப்பில் தூங்குவாள். "ராத்திரியெல்லாம் டிவியா?" என்று கேட்டு வாசலில் நிற்க வைப்பேன். ஒரு நாள் அவள் பாட்டி சுருக்குப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். சி.பி.எம். மளிகைக் கடையில் வாங்கியது.

அவில், சி.பி.எம். எல்லாம் பழைய தலைமுறை மருந்துகள். ஒவ்வாமை வந்தால் உடம்பில் ஹிஸ்டமின் சுரந்து மூக்கைப் படுத்தும். அதைத்தான் இவை தடுக்கின்றன. ஆனால் அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. பழைய மாத்திரைகள் மூளைக்குள்ளும் போய் அதையும் அமுக்கிவிடும். ராத்திரி போட்டாலும் மறுநாள் காலை வரை மந்தம் இருக்கும்.

2007-ல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் 15 முதல் 17 வயது வரையுள்ள 1,834 மாணவர்களை ஆராய்ந்தார்கள். மகரந்த ஒவ்வாமையால் அவதிப்பட்டவர்கள், மாதிரித் தேர்வை விட இறுதித் தேர்வில் கிரேடு இறங்கும் வாய்ப்பு 40 சதவீதம் கூடுதல். தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டவர்களுக்கு அது 70 சதவீதம்! நாம் என்ன சொல்கிறோம்? "பிள்ளைக்குப் படிப்பு ஏறலை."

நம் ஊரில் பாதி வினை பார்த்தீனியம் செடி. மழைக்குப் பின் ரோட்டோரம், பள்ளி மைதானம் எங்கும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நிற்கிறதே, அதுதான். பக்கத்துப் பெங்களூரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு அதன் மகரந்தத்தால் மூக்கு ஒவ்வாமை என்று 1991-லேயே எழுதிவிட்டார்கள். அதைப் பிடுங்கப் பிள்ளைகளை அனுப்பும் ஆசிரியர்களே, தயவுசெய்து வேண்டாம்.

"டீச்சர் எப்போ டாக்டர் ஆனாங்க?" என்று சிரிப்பீர்கள். ஆகவில்லை. அதனால்தான் டாக்டரிடம் போகச் சொல்கிறேன். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. தூக்கம் அதிகம் வராத லோராடடின், ஃபெக்சோஃபெனடின் பற்றிக் கேளுங்கள். செட்ரிசின் பரவாயில்லை, ஆனாலும் சிலருக்குத் தூக்கம் வரும். மாதக்கணக்கில் மூக்கடைப்பு என்றால் மாத்திரையை விட மூக்கு ஸ்பிரே நன்றாகக் கேட்கும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பயப்படாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் போட்டால் போதும், பலன் தெரியச் சில நாள் ஆகும்.

மருந்துக்கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, பள்ளிப் பிள்ளைக்கு என்றால் சீட்டு இல்லாமல் இதைக் கிழித்துக் கொடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சி.பி.எம்.மும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. பேரன் பேத்தி வைத்திருப்பவர்கள் வீட்டு அலமாரியைப் பாருங்கள்.

அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடம் பாட்டி வந்து சொன்ன பிறகும் நான் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இதை அவள் படித்தால், யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு போன் பண்ணும்மா.