சம்பளமா குடும்பத்தைப் பிரிக்கிறது?



பெண்கள் வேலைக்குப் போவதால்தான் விவாகரத்து பெருகுகிறது என்ற பேச்சு புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூன் டீக்கடைகளிலும் அடிபடுகிறது. கணக்கு வேறு சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மணமானவர்களில் விவாகரத்துப் பெற்றவர்கள் 0.24 சதவீதம்தான். விவாகரத்து இல்லாமலே பிரிந்து வாழ்பவர்கள் 0.61 சதவீதம்! கோர்ட்டுப் படியேற வசதியில்லாதவர்கள் இதில் எத்தனை பேரோ.

காலை ஷிப்டுக்குத் திருபுவனை தொழிற்பேட்டை வேனைப் பிடிக்கும் பெண், சோறு வடித்து, பிள்ளைக்கு டிபன் கட்டி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். திரும்பி வந்தால் பாத்திரம் காத்திருக்கிறது. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்குத் தினமும் 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையைத் தொட்ட ஆண்களே கால்வாசிப் பேர்தான். பல வீடுகளில் சண்டை மூள்வது இங்கேதான். பழியோ அவள் சம்பளத்தின் மேல்.

குடித்துவிட்டு அடிப்பவனைச் சகித்துக் கிடக்கும் கட்டாயத்தை அந்தச் சம்பளம் குறைக்கிறது என்பது உண்மை. அதைக் குடும்பச் சிதைவு என்பது அநியாயம்.

பிரிய நேர்ந்தாலும், மனைவி சம்பாதிக்கிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இது ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களின் காதுக்கும் எட்ட வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மாரின் சுமை குறைய, கொம்யூன் அங்கன்வாடிகளை ஷிப்டு முடியும்வரை திறந்துவைக்க அரசு உடனே ஏற்பாடு செய்யட்டும்.

- வாசகர், திருக்கனூர்